ஜீப்பின் முன்சக்கரப் பூட்டும் குடியானவர் கடமையும்

(பிள்ளையார்பாளையம் விவசாயி ஒருவர் எழுதுவது)

காஞ்சீபுரம் ஜில்லாவில் பெருமழை என்பது அநேகமாய் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடுவதாகும். ஏரிகள் நிரம்புவதும், கலங்கல் வழிவதும், கரைகள் கசிவதும், வண்டிப்பாதைகள் முழங்காலளவு சேறாவதும் ஒரே சமயத்தில் நேரிடுகின்றன. கழனிக்கும் ஏரிக்கரைக்கும் உடனே போய்ச் சேரவேண்டிய அவசியம் நிலமுடையவர்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஏற்படுவதும் அந்தச் சமயத்தில்தான். இது கருதியே நம்மில் பலர் நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஜீப் வண்டிகளை, பழையவையானாலும், விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். வருஷத்தில் பத்து மாதங்கள் அவ்வண்டி மற்ற மோட்டார்களைப் போல் இரண்டு சக்கர இழுவையிலேயே ஓடுகிறது. மீதி இரண்டு மாதங்களில் சில நாட்கள் மாத்திரமே முன்சக்கரங்களின் உதவி வேண்டியிருக்கிறது. அந்தச் சில நாட்களில் அவ்வுதவி கிடைக்காமற் போனால், நாம் வாங்கி வைத்திருப்பது சாதாரண மோட்டாரைவிடக் கனத்ததும், அதிக எண்ணெய் குடிப்பதுமான ஒரு வண்டியேயன்றி வேறில்லை.

முன்சக்கரங்களின் உதவி கிடைக்காமற் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒரு சிறு பாகத்தின் பராமரிப்பின்மையே என்பதும், அப்பாகத்தை வருஷத்திற்கு ஒருமுறை புரட்டாசி மாதத்தில் திறந்து சுத்தம் செய்து பூட்டவேண்டியது வண்டிக்குடையவர் தாமே கண்ணால் கண்டு செய்விக்கவேண்டிய கடமை என்பதும் எனது அபிப்பிராயம். அந்தப் பாகம் மெக்கானிக்குகள் 'ஹப் லாக்' என்று வழங்கும் முன்சக்கரப் பூட்டு ஆகும்.

இப்பூட்டு ஏன் ஏற்பட்டதென்பதை அறிந்தால் அதன் குணமும் குற்றமும் ஒருங்கே விளங்கும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகள் குடியானவர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் விற்கப்பட்டன. அவ்வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு விசையை அனுப்பாத வேளையிலும், சாலையில் உருளும் சக்கரமானது தன்னோடு அச்சுத்தண்டையும், டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களையும், அதற்கு முன்னுள்ள சுழல்தண்டையும் சேர்த்தே சுழற்றிக்கொண்டிருந்தது. இதனால் எண்ணெய்ச் செலவும், தேய்மானமும், ஓசையும் வீணே உண்டாயின. 1948-ல் ஆர்தர் வார்ன் என்னும் அமெரிக்கர், வேண்டும்போது சக்கரத்தை அச்சுத்தண்டோடு இணைக்கவும் வேண்டாதபோது பிரிக்கவும் தக்க பூட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் நமது தேசத்தில் மகீந்திரா நிறுவனத்தார் வில்லீஸ் ஜீப்புகளைப் பம்பாயில் கோத்து விற்கலாயினர். 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் இப்பூட்டு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. வேறு பலவற்றில் பின்னர் வாங்கிப் பொருத்தப்பட்டது.

இதன் அமைப்பு மாட்டுவண்டியை அறிந்தவர்களுக்கு விளங்காததன்று. மாட்டுவண்டியில் அச்சு நிற்கிறது. குடம் அதன்மேல் சுழல்கிறது. கடையாணி குடத்தை வெளியே வராமல் தடுக்கிறதேயன்றி அச்சோடு பிணைப்பதில்லை. ஜீப்பின் முன்சக்கரமும் பூட்டு திறந்திருக்கையில் அவ்வாறே ஒரு நிலையான குழல்மேல் பேரிங்குகளின் உதவியால் சுழல்கிறது. அக்குழலின் உள்ளே அச்சுத்தண்டு தனியே அசையாமல் கிடக்கிறது. சக்கரக் குடத்தின் வெளிமுகத்தில் பூட்டின் உடல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. அதனுள் பற்களையுடைய ஒரு வளையம் உண்டு. வெளியே தெரியும் குமிழை 'லாக்' என்ற குறிக்குத் திருப்பினால், ஒரு ஸ்பிரிங் அவ்வளையத்தை உள்ளே தள்ள, வளையத்தின் பற்கள் அச்சுத்தண்டைச் சேர்ந்த பற்களோடு கோத்துக்கொள்கின்றன. அதன் பின்னரே தண்டு சுழன்றால் சக்கரமும் சுழலும். 'ஃப்ரீ' என்ற குறிக்குத் திருப்பினால் வளையம் பின்வாங்கிவிடுகிறது.

இங்கே வாசகர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நமது கை திருப்புவது குமிழை மாத்திரமே; வளையத்தைத் தள்ளுவது ஸ்பிரிங். வளையம் துருவினாலோ இறுகிய கிரீஸினாலோ சிக்கிக்கொண்டிருந்தால், குமிழ் ஒரு தடையுமின்றித் திரும்பும், ஸ்பிரிங் சுருங்கி நிற்கும், பூட்டு விழாது. ஆகையால் குமிழ் 'லாக்' என்ற குறியில் நிற்பது பூட்டு விழுந்ததற்குச் சாட்சியாகமாட்டாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்; நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2021-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது இப்பக்கத்தார் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் கழனி ஆற்றங்கரையை அடுத்தது. மோட்டார் கொட்டகையை ஒட்டிய சிறு வீட்டில் எங்கள் காவற்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஒரு கறவைப் பசுவும் ஒரு கிடாரியும் அங்கே கட்டியிருந்தன. இரவு ஒன்பது மணிக்கு வாய்க்கால் மீறித் தண்ணீர் வருவதாய்ச் செய்தி வந்தது. நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரை இறக்கத்தில் இறங்கி இரண்டு குமிழ்களையும் 'லாக்' என்ற குறிக்குத் திருப்பினேன். வழக்கம்போல் அவை இலேசாய்த் திரும்பின. நான்கு சக்கர இழுவைக்குரிய கம்பியையும் போட்டேன். ஐம்பது கஜ தூரம் போவதற்குள் பின்சக்கரங்கள் சேற்றைத் தோண்டிக்கொண்டு இறங்கிவிட்டன. முன்சக்கரங்கள் இரண்டும் சிறிதும் அசையவில்லை. வண்டி அங்கேயே நின்றது. அடுத்த கிராமத்து மிராசுதார் ஒருவர் தமது டிராக்டரோடு வந்து சேர இரண்டு மணி நேரம் சென்றது. காவற்காரரும் அவர் மனைவியும் கொட்டகைக் கூரைமேலிருந்து பத்திரமாய் இறக்கப்பட்டார்கள். பசு நீந்தி மேட்டைப் பிடித்தது. கிடாரி போய்விட்டது.

மழை விட்டபின் பூட்டுகளைத் திறந்து பார்த்தேன். இடப்பக்கத்துப் பூட்டு ஒழுங்காய் விழுந்திருந்தது. வலப்பக்கத்துப் பூட்டினுள் கிரீஸ் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்துப் பிறகு களிமண்ணைப்போல் உறைந்திருந்தது. பல் வளையம் துருவேறித் தன் தடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் விழுந்ததே, அப்பக்கச் சக்கரமாவது இழுத்திருக்கக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். டிஃபரன்ஷியலின் தன்மை, எந்தப் பக்கம் தடையில்லையோ அந்தப் பக்கத்துக்கே சுழற்சியை விடுவதாகும். வலப்பக்கத் தண்டு சக்கரத்தோடு சேராமல் உள்ளே வெறுமனே சுழன்றபடியால், இடச் சக்கரத்துக்கு யாதொரு விசையும் போகவில்லை. ஆகவே ஒரு பூட்டுக் கெட்டால் இரண்டும் கெட்டதற்குச் சமானம். அவ்வண்டியை நான் வாங்கி ஆறு வருஷங்கள் ஆகியிருந்தன. 2015-ஆம் வருஷ வெள்ளத்தில் அது நீரில் இறங்கியிருந்தது. அதன் பின் அப்பூட்டுகளை ஒருவரும் திறக்கவில்லை. எண்ணெய் மாற்றினோம், டயர் மாற்றினோம், வர்ணமும் பூசினோம். குற்றம் வேறெவருடையதுமன்று; என்னுடையதே.

நீர் உள்ளே புகுவதற்குக் காரணமும் அறியத்தக்கது. ஓடிவந்த வண்டியின் சக்கரக் குடம் சூடாயிருக்கும். அதனுள் இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அந்நிலையில் வண்டியைக் குளிர்ந்த நீரில் இறக்கினால், உட்காற்று சுருங்கி வெளிநீரை இழுக்கும். ரப்பர் வளையமும் கேஸ்கட்டும் நல்ல நிலைமையிலிருந்தால் தடுக்கும். பழுதாயிருந்தால் நீர் புகும். ஆகையால் குடம் மூழ்கும் ஆழத்தில் வண்டியைச் செலுத்தியவர்கள், புரட்டாசி வரையில் காத்திராமல் அந்த வாரத்திலேயே திறந்து பார்ப்பது உத்தமம்.

இனி, வேலையின் முறையைச் சொல்லுகிறேன். வண்டிக்கு வண்டி சிறு வேற்றுமைகள் உண்டு; இறுக்கத்தின் அளவு முதலியவற்றை வண்டியோடு கொடுக்கப்பட்ட கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். கையால் திருப்பும் பூட்டுகளுக்கு முறை பொதுவில் ஒன்றே.

முதலாவது, வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். முன்னச்சை ஜாக்கியால் தூக்கிய பின் உறுதியான தாங்கிகளின்மேல் இறக்கிவைக்கவேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வேலை செய்வது உயிருக்கு அபாயம். பூட்டின் வெளிமுகத்தைப் பிரஷினால் நன்றாய்த் துடைத்த பிறகே திறக்கவேண்டும். இல்லையேல் வெளிமண் உள்ளே விழும்.

இரண்டாவது, குமிழை 'ஃப்ரீ' என்ற குறியில் வைத்து, மூடியைப் பிடித்திருக்கும் சிறு போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை நேராய் வெளியே இழுக்கவேண்டும். குமிழ், ஸ்பிரிங், பல் வளையம் ஆகியவை பல வண்டிகளில் மூடியோடு சேர்ந்தே வரும். பிறகு அச்சுத்தண்டின் நுனியில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சர்க்ளிப்பை, அதற்குரிய இடுக்கியால் விரித்து எடுக்கவேண்டும். தண்டின் நுனியில் மரை இருந்தால், ஒரு போல்ட்டை அதில் திருகிப் பிடித்துத் தண்டைச் சிறிது முன்னே இழுத்துக்கொண்டால் சர்க்ளிப் எளிதாய் வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுப்பவர்கள் சர்க்ளிப்பையும் கெடுத்து, சில சமயம் கண்ணையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் பூட்டின் உடலைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகளைக் கழற்றினால் உடல் வந்துவிடும். எடுக்கும் பாகங்களை எடுத்த வரிசைப்படி ஒரு சுத்தமான துணியின்மேல் அடுக்கிவைப்பதும், வலப்பக்கத்துப் பாகங்களை இடப்பக்கத்தவற்றோடு கலவாதிருப்பதும் நலம்.

மூன்றாவது, பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பிரஷினால் கழுவித் துடைத்து உலர்த்தவேண்டும். பெட்ரோலில் கழுவுவது தீ விபத்துக்கு இடமாகையால் கூடாது. கழுவுமுன்னரே பழைய கிரீஸின் நிறத்தைக் கவனிக்கவேண்டும். வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. மினுமினுக்கும் இரும்புத் தூள் கலந்திருந்தால் பற்களோ பேரிங்கோ தேய்கிறது. பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா, ஸ்பிரிங் முறிந்திருக்கிறதா, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்துப் பழுதானதை மாற்றிவிடவேண்டும். கேஸ்கட்டும் ரப்பர் வளையமும் சொற்ப விலையுடையவை. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் போடுவதே சிக்கனம்.

நான்காவது, பூட்டு கழன்றிருக்கும் இதே சமயத்தில் சக்கர பேரிங்கையும் கவனித்துவிடுவது புத்திசாலித்தனம். பூட்டு நட்டின் கீழுள்ள தகட்டின் மடித்த காதை நிமிர்த்தி நட்டுகளைக் கழற்றி, பேரிங்கை எடுத்துக் கழுவி, உருளைகளின் இடுக்குகளிலெல்லாம் லிதியம் கிரீஸைக் கையால் அழுத்தி நிரப்பவேண்டும். திரும்பப் பூட்டுகையில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் தளர்த்தி, கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு மறுபடி இறுக்கி, தகட்டின் காதை மடித்துவிடவேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. சுழற்றினால் தடையும் இருக்கக்கூடாது.

ஐந்தாவதாகச் சொல்லப்போவதில்தான் நம்மவர் மிகுதியும் தவறுகிறார்கள். பேரிங்குக்குக் கிரீஸ் நிறைய வேண்டும். பூட்டுக்கோ மெல்லிய பூச்சு மாத்திரமே வேண்டும். தாராளமாய் இருக்கட்டும் என்று பூட்டின் உட்புறத்தை நிரப்பிவிட்டால், அக்கிரீஸ் நாளடைவில் இறுகிப் பல் வளையத்தை நகரவொட்டாமல் தடுக்கும். வண்டிக்கு மை இடுகிறவன் அச்சுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே இடுகிறான். சட்டி முழுவதையும் கவிழ்ப்பதில்லை. வளையமும் பற்களும் ஈரப்பசையாய்த் தெரியும் அளவு பூசினால் போதுமானது.

ஆறாவது, புதிய கேஸ்கட்டை வைத்துப் பூட்டின் உடலைப் பொருத்திப் போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரானவையாய் மாற்றி மாற்றிச் சமமாய் இறுக்கவேண்டும். சர்க்ளிப் தன் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். மூடியைக் குமிழ் 'ஃப்ரீ' என்ற குறியில் இருக்கும்படி வைத்துப் பூட்டவேண்டும். அதன் சிறு போல்ட்டுகள் மிருதுவான உலோகத்தில் இறங்குபவை. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். குமிழையும் கையால் மாத்திரமே திருப்பவேண்டும். கையால் திரும்பாத குமிழ் உள்ளே கோளாறு உண்டென்று நமக்குச் சொல்லுகிறது. இடுக்கி போட்டு அதன் வாயை அடைப்பது தகாது.

கடைசியாக, பரீட்சை. சக்கரங்கள் தரையை விட்டு நிற்கையிலேயே இரண்டு பூட்டுகளையும் 'ஃப்ரீ' குறியில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றினால், அச்சுத்தண்டு சுழலாமல் சக்கரம் மாத்திரம் சுழலவேண்டும். அந்தப் பக்கத்தை 'லாக்' குறிக்குத் திருப்பிச் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்' என்று பல் விழுவது கைக்குத் தெரியும். பின்னர் சக்கரத்தோடு அச்சுத்தண்டும் சுழலும். மற்றப் பக்கத்திலும் அவ்வாறே பார்க்கவேண்டும். இந்தப் பரீட்சையைச் செய்யாமல் வண்டியை இறக்குகிறவர், பூட்டைத் திறந்ததனால் யாதொரு பிரயோஜனமும் அடைந்தவராகார்.

இவ்வாறு பூட்டிய பிறகும் ஆண்டு முழுவதும் அதை மறந்துவிடலாகாது. மாதத்துக்கு ஒருமுறை இரு பூட்டுகளையும் இணைத்து, டிரான்ஸ்ஃபர் பெட்டியின் கம்பியை இரண்டு சக்கர இழுவையிலேயே வைத்து, சில மைல் தூரம் வண்டியை ஓட்டவேண்டும். அப்போதுதான் முன் டிஃபரன்ஷியலிலுள்ள எண்ணெய் கிளறப்பட்டு மேற்பாகங்களுக்குச் சேரும். நான்கு சக்கர இழுவையை உலர்ந்த தார்ச்சாலையில் போடுவது கூடாது. திருப்பங்களில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளுவதால் உள்ளே முறுக்கேறிப் பாகங்கள் வருந்தும். ஒரு பூட்டை இணைத்தும் மற்றதைப் பிரித்தும் ஓட்டுவதும் கூடாது.

இதற்கு மாறாகச் சிலர் சொல்லும் ஆட்சேபங்களை நான் அறிவேன். "ஓடுகிற வண்டியை ஏன் பிரிப்பது? பிரித்தால் கெடும்" என்பது ஒன்று. அழுக்குக் கையால், ஆயுதமில்லாமல் பிரித்தால் கெடும் என்பது மெய்யே. ஆனால் பிரிக்காததனால் கெடுவது கண்ணுக்குத் தெரியாமல் கெடுகிறது. அது தெரியவருவது வெள்ளத்தின் நடுவில். "பூட்டையே எடுத்துவிட்டு, சக்கரத்தையும் தண்டையும் நிரந்தரமாய் இணைக்கும் தகட்டைப் போட்டுவிடலாம்" என்பது மற்றொன்று. இது நியாயமான யோசனையே. ஓயாமல் சேற்றில் உழலும் வண்டிக்கு நானும் அதைச் சிபாரிசு செய்வேன். ஆனால் பத்து மாதம் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு, ஆர்தர் வார்ன் எந்த வீண்செலவை நீக்கினாரோ அதைத் திரும்பக் கொண்டுவருவதாகும். "பட்டறையில் கொடுத்துவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது மூன்றாவது. நான் தாராளமாய்ப் பட்டறைக்குக் கொடுக்கச் சொல்லுகிறேன். ஆனால் மூடி திறக்கும்போது உடையவர் அருகில் நிற்கவேண்டும். பழைய கிரீஸின் நிறத்தைக் கண்டவருக்கு மெக்கானிக் சொல்லும் கணக்கில் சந்தேகம் எழ இடமில்லை. காணாதவருக்கு நம்புவதற்கும் ஆதாரமில்லை.

பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவனாகையால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் தெருக்களில் பட்டு நெய்வோர் தறியில் உட்காருவதற்கு முன் பாவின் இழைகளைப் பார்த்து, அறுந்ததை முடிந்தபின்னரே நாடாவைக் கையிலெடுக்கிறார்கள். நெய்த பிறகு தெரியும் குற்றத்தைத் திருத்த வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பங்குனியில் ஏகாம்பரநாதர் தேரும் வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேரும் வீதிக்கு வருகின்றன. ஆண்டு முழுவதும் நிலையில் நிற்கும் தேரை அன்று காலையில் வந்து யாரும் வடம் பிடித்துவிடுவதில்லை. அதற்கு முன்பே சக்கரத்தையும் அச்சையும் ஆணியையும் பார்த்தாகவேண்டும். சும்மா நிற்கும் சாதனத்துக்கே பராமரிப்பு அதிகம் வேண்டும் என்னும் ஞானம் இவ்வூரில் புதிதன்று. நமது கொட்டகையிலுள்ள ஜீப்புக்கு மாத்திரம் அதை நாம் மறந்திருக்கிறோம்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2015, 2021 ஆகிய வருஷங்களின் வெள்ளங்களும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும், இனியும் இத்தகைய இடர்கள் வரும் என்பதையே காட்டுகின்றன. தங்கள் கிராமத்தில் நான்கு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர் யார், அவ்வண்டியின் பூட்டு அவ்வருஷம் பரீட்சிக்கப்பட்டதா என்பதை ஒரு பக்கத்தில் குறித்துவைத்தால், ஆபத்துக் காலத்தில் யாரை அழைப்பது என்பது தெரியும். சர்க்ளிப் இடுக்கி, சக்கர நட்டுக்குரிய ஸ்பானர், இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர், இரண்டு தாங்கிகள் ஆகியவற்றை ஒவ்வொரு குடியானவரும் தனித்தனியே வாங்குவது வீண். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இவற்றை ஒரு செட்டு வாங்கிவைத்துச் சொற்ப வாடகைக்குக் கொடுத்தால், சுற்றுப்பட்ட கிராமங்களுக்கெல்லாம் போதும். டிராக்டர் வைத்திருப்போரில் நான்கு சக்கர இழுவையுடையவர்களும் இதில் நீங்கியவர்களல்லர். டிராக்டர்களில் இத்தகைய கைப்பூட்டு சாதாரணமாய் இராது. ஆயினும் முன்னச்சிலும் குடங்களிலும் உள்ள எண்ணெயில் சேற்றுநீர் கலந்திருக்கிறதா என்று மழைக்கு முன் பார்த்து மாற்றுவது அவர்களுக்கும் அவசியம்.

இரண்டு பூட்டுகளையும் திறந்து கழுவிப் பூட்ட, பழகியவர்களுக்கு அரை நாள் போதும். புதியவர்களுக்கு ஒரு நாள் பிடிக்கலாம். செலவாவது சிறிது மண்ணெண்ணெய், கொஞ்சம் கிரீஸ், இரண்டு கேஸ்கட்டுகள், இரண்டு ரப்பர் வளையங்கள். இவ்வளவையும் செய்யத் தவறியதற்கு நான் கொடுத்த விலை ஒரு கிடாரி. இரண்டு மனிதருடைய உயிராக இல்லாமற் போனது எனது சாமர்த்தியத்தால் அன்று. புரட்டாசி பிறந்ததும் ஒருநாள் காலை வண்டியைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துத் தொடங்குவீர்களாக.